பில்ட் டிபெண்டன்சிகள் ஒன்றோடொன்று முட்டும்போது: டெபியன் பேக்கேஜ் கட்டுவோருக்கு முழுமையான வழிகாட்டி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் வீட்டுக்கு, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் லேப்டாப்போடு வந்தாள். தூத்துக்குடிக்காரி. ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் வரும் வழியிலேயே மூன்று முறை பில்ட் ஓட்டிப் பார்த்திருந்தாள். மூன்றும் ஒரே இடத்தில் நின்றிருந்தன. காபி டம்ளரை வாங்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணா, என் கன்ட்ரோல் ஃபைல்ல கர்ல்னு ஒரு வார்த்தைகூட இல்ல. ஆனா கர்ல் பேரச் சொல்லித்தான் பில்ட் நிக்குது."

கன்ட்ரோல் ஃபைல் என்பது ஒரு பேக்கேஜின் தேவைகளை எழுதிவைக்கும் கோப்பு. கர்ல் இணையத்தில் தரவு அனுப்பி வாங்கும் ஒரு நூலகம். ஒரு நிரலை டெபியன் லினக்ஸில் நிறுவும் டெப் கோப்பாகக் கட்டும்போது வேண்டிய நூலகங்களும் கருவிகளும்தான் பில்ட் டிபெண்டன்சிகள். அவற்றில் இரண்டு சேர்ந்து இருக்க முடியாமல் போனால் பில்ட் நிற்கும். பேக்கேஜ் கட்டும் வேலையில் இருக்கும் எல்லோருக்கும் ஒருநாள் இந்த இடம் வரும். பலர் இதைக் கோபத்தோடு கடந்துபோவார்கள்: ஏதாவது ஒரு ஃபோர்ஸ் விருப்பத்தைப் போட்டு, எப்படியோ பச்சை விளக்கை வரவைத்துவிடுவார்கள். நானும் அதைச் செய்திருக்கிறேன், அதன் விலையையும் பார்த்திருக்கிறேன். அதைக் கீழே சொல்கிறேன். அன்று அவளோடு உட்கார்ந்து செய்ததை வரிசையாக இங்கே எழுதுகிறேன். கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் அவற்றுக்குரிய எழுத்திலேயே தட்டிக்கொள்ளுங்கள்.

முட்டுவது எது?

ஒரு சி நூலகத்துக்கு டெபியனில் குறைந்தது இரண்டு பேக்கேஜ்கள் இருக்கும். ஒன்று ஓடும்போது தேவைப்படுவது. இன்னொன்று கட்டும்போது தேவைப்படுவது. பெயர் '-டெவ்' என்று முடியும். ஓடும்போது தேவைப்படும் பேக்கேஜ்கள் பெரும்பாலும் சண்டை போடுவதில்லை. பழைய பதிப்பின் கோப்புப் பெயர் டாட் எஸ்ஓ 3 என்று முடிந்தால் புதியது டாட் எஸ்ஓ 4 என்று முடியும். இரண்டும் ஒரே அடைவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொள்ளும்.

டெவ் பேக்கேஜ் அப்படியல்ல. அதில் ஹெடர் கோப்புகள் (நூலகத்தின் ஃபங்ஷன்களை அறிவிப்பவை), எண் இல்லாத வெறும் டாட் எஸ்ஓ இணைப்பு, நூலகத்தோடு எப்படிக் கட்டுவது என்று சொல்லும் பேக்கேஜ்-கான்ஃபிக் கருவி படிக்கும் டாட் பிசி கோப்பு எல்லாம் இருக்கும். நிரலை நூலகத்தோடு இணைக்கும் லிங்கர் தேடுவது அந்த எண் இல்லாத பெயரைத்தான். ஒரு பெயருக்கு ஒரு கோப்புதான் இருக்க முடியும். ஆகவே ஒரே நூலகத்தின் இரண்டு வடிவங்களுக்கு இரண்டு டெவ் பேக்கேஜ்கள் இருந்தால், அவை ஒன்றையொன்று 'கான்ஃப்ளிக்ட்ஸ்' என்று அறிவித்துக்கொள்ளும்.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் கர்லின் நூலகமான லிப்கர்ல். இணைய இணைப்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல், க்னூடிஎல்எஸ் என்ற இரண்டு நூலகங்களில் எதோடும் அதைக் கட்டலாம். ஓபன்எஸ்எஸ்எல்லோடு கட்டப்பட்டதற்கு லிப்கர்ல்4-ஓபன்எஸ்எஸ்எல்-டெவ். க்னூடிஎல்எஸ்ஸோடு கட்டப்பட்டதற்கு லிப்கர்ல்4-க்னூடிஎல்எஸ்-டெவ். இரண்டுமே கர்ல் டாட் ஹெச் என்ற ஹெடரை ஒரே பாதையில் வைக்கின்றன. ஆகவே சேர்ந்து இருக்கவே முடியாது.

இப்படி இரண்டு வடிவம் வந்ததற்குக் காரணம் உரிமம். ஓபன்எஸ்எஸ்எல்லின் பழைய உரிமம் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தோடு ஒத்துப்போகவில்லை. ஜிபிஎல் நிரல்களுக்கு இன்னொரு வழி வேண்டியிருந்தது. 2021 செப்டம்பரில் வந்த ஓபன்எஸ்எஸ்எல் 3.0 அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறியது. அது ஜிபிஎல் 3-ஓடு பொருந்தும். ஜிபிஎல் 2 மட்டும் என்று எழுதிய நிரல்களோடு பொருந்துவதாக, ஜிபிஎல்லை வெளியிடும் எஃப்எஸ்எஃப் அமைப்பு ஏற்கவில்லை. அதனால் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் முன் உங்கள் நிரலின் உரிமத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதல் படி: பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து படிக்காதீர்கள்

'யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்' என்று டெபியனின் நிறுவும் கருவியான ஆப்ட் முடிப்பதைப் பார்த்ததும், தான் எதையோ பதிப்பு மாறாமல் ஹோல்ட் போட்டுவிட்டதாக நினைத்துத் தேடுபவர்கள் ஏராளம். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' ஓட்டினால் ஒன்றும் வராது. அந்த வாக்கியத்துக்கு 'என்னால் ஒரு தீர்வு காண முடியவில்லை' என்பதற்கு மேல் பொருள் இல்லை. விஷயம் அதற்கு மேலே இருக்கும் வரிகளில் இருக்கிறது: யார் யாரைக் கேட்கிறார், அது ஏன் 'நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்ட்' ஆனது என்று.

சுத்தமான சூழலில் பேக்கேஜ் கட்டும் கருவியான எஸ்பில்ட் ஓட்டினால் 'எஸ்பில்ட்-பில்ட்-டிபெண்ட்ஸ்-மெயின்-டம்மி' என்று ஒரு பெயர் வரும். அந்தப் பெண் முதலில் பயந்தது இதற்குத்தான். உங்கள் பில்ட் டிபெண்டன்சிகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, எஸ்பில்ட் தற்காலிகமாக உண்டாக்கும் போலிப் பேக்கேஜ் அது. அது உடைந்தது என்றால் உங்கள் பட்டியல் நிறைவேறவில்லை என்று அர்த்தம்.

டெபியன் 13 வெளிவந்தது 2025 ஆகஸ்ட் 9-ஆம் தேதி. அதிலுள்ள ஆப்ட் 3.0-இல் புதிய சால்வர் (எவற்றைச் சேர்த்து நிறுவலாம் என்று கணக்கிடும் பகுதி) இருக்கிறது. '--சால்வர் 3.0' என்று சேர்த்து ஓட்டினால், எந்தத் தேவையிலிருந்து எந்த முரணுக்கு வந்து சேர்ந்தது என்பதைப் பழையதைவிடத் தெளிவாகச் சொல்லும். இரண்டிலும் ஓட்டி இரண்டு செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: காலி அறையில் கட்டுங்கள்

உங்கள் லேப்டாப்பில் முட்டுகிறது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அதில் எடிட்டருக்காகச் சேர்த்த வெளி ரெபாசிட்டரி (பேக்கேஜ் களஞ்சியம்) இருக்கும், புதிய பதிப்புகளைப் பழைய டெபியனுக்குத் தரும் பேக்போர்ட்ஸ் இருக்கும், எப்போதோ கையால் இறக்கிய ஒரு டெப் கோப்பு இருக்கும். அவையே சண்டைக்குக் காரணமாக இருக்கலாம். அதைவிட மோசம், அவை சண்டையை மறைக்கவும் செய்யலாம்.

எம்எம்டெப்ஸ்ட்ராப் கொண்டு, வேரியன்ட் 'பில்ட்டி' என்று கொடுத்து, சுத்தமான ஒரு குரூட் (கணினிக்குள் தனியாக நிற்கும் ஒரு குட்டி டெபியன்) உண்டாக்குங்கள். அதற்குள் எஸ்பில்ட் ஓட்டுங்கள். அன்ஷேர் முறையில் ஓட்டினால் ரூட் அனுமதிகூட வேண்டாம். பழகிய கை என்றால் இதே வேலையைச் செய்யும் பிபில்டரும் சரிதான். அங்கேயும் முட்டினால் கோளாறு பேக்கேஜில்; அங்கே முட்டாமல் உங்கள் கணினியில் மட்டும் முட்டினால், 'ஆப்ட்-கேஷ் பாலிசி' என்று போட்டுப் பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். எந்தப் பதிப்பு எந்த ரெபாசிட்டரியிலிருந்து, எந்த முன்னுரிமையோடு வருகிறது என்று தெரிந்துவிடும். பின்னிங் (முன்னுரிமை எண்ணைக் கையால் மாற்றுவது) போட்டிருந்தால் அங்கேயே கண்ணில் படும்: வழக்கமான முன்னுரிமை 500, ஏற்கெனவே நிறுவியிருப்பதற்கு 100, 1000-க்கு மேல் போனால் பதிப்பைக் கீழே இறக்கியாவது நிறுவும். யாரோ 1001 என்று எழுதிவைத்த ஒரு கோப்பு, ஒரு குழுவின் ஒரு வாரத்தைத் தின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: சண்டைபோடும் ஜோடியைப் பிடியுங்கள்

இதில்தான் நேரம் போகும், போகட்டும். நாற்பது டிபெண்டன்சிகள் இருக்கும் பட்டியலில் முட்டுவது இரண்டே இரண்டாக இருக்கும். அந்த இரண்டும் உங்கள் பட்டியலிலேயே இல்லாமல் மூன்றாம் அடுக்கில் ஒளிந்திருக்கலாம்.

நேர்த்தியான கருவி டோஸ்-பில்ட்டெப்செக். ரெபாசிட்டரியின் 'பேக்கேஜஸ்' கோப்பையும் 'சோர்சஸ்' கோப்பையும் கொடுத்து, '--எக்ஸ்ப்ளெய்ன்', '--ஃபெயிலியர்ஸ்' இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். முட்டும் இரண்டு பேக்கேஜ்களை பிகேஜி1, பிகேஜி2 என்று காட்டும். அதோடு டெப்செயின்1, டெப்செயின்2 என்று இரண்டு சங்கிலிகளையும் விரிக்கும். உங்கள் சோர்ஸிலிருந்து அந்தப் பேக்கேஜ்வரை எந்த எந்தப் படியாக இறங்கியது என்று அதில் வரிசையாக இருக்கும். எஸ்பில்டுக்கு '--பிடி-அன்இன்ஸ்டாலபிள்-எக்ஸ்ப்ளெய்னர்' விருப்பத்தில் டோஸ்3 என்று கொடுத்துவிட்டால், பில்ட் தோற்கும் ஒவ்வொரு முறையும் இந்த விளக்கம் லாகிலேயே வந்துவிடும். நான் எல்லாக் கணினியிலும் இதை நிரந்தரமாகப் போட்டு வைத்திருக்கிறேன்.

டோஸ் கைவசம் இல்லையென்றால் 'ஆப்ட் சாட்டிஸ்ஃபை' போதும். டிபெண்டன்சி வரியை மேற்கோளுக்குள் அப்படியே கொடுத்து, சிமுலேட் விருப்பத்தோடு ஓட்டலாம்; எதையும் நிறுவாது. பட்டியலைப் பாதியாக வெட்டி ஓட்டுங்கள், தேறுகிற பாதியைத் தள்ளிவையுங்கள், தேறாததை மறுபடி வெட்டுங்கள். முட்டும் இரண்டும் ஆளுக்கொரு பாதியில் இருந்தால் இரண்டு பாதியும் தேறிவிடும். அப்போது ஒரு பாதியை முழுதாக வைத்துக்கொண்டு மறுபாதியிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.

அந்தப் பெண்ணின் லாகில் இரண்டு சங்கிலிகள் வந்தன. அவள் கட்டும் கருவி இரண்டு உள்நூலகங்களைக் கேட்கிறது. ஒன்று சென்சார் தரவை வாங்குவது. இன்னொன்று லாகை மையச் சர்வருக்கு அனுப்புவது. இரண்டையும் எழுதியது வெவ்வேறு குழுக்கள். சென்சார் நூலகத்தின் டெவ் பேக்கேஜ் லிப்கர்ல்4-ஓபன்எஸ்எஸ்எல்-டெவ்வை இழுக்கிறது, லாக் நூலகத்தின் டெவ் பேக்கேஜ் லிப்கர்ல்4-க்னூடிஎல்எஸ்-டெவ்வை இழுக்கிறது. இவளுடைய கருவிக்குக் கர்லோடு நேரடியாக ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டு சங்கிலிகளையும் நோட்டில் எழுதச் சொன்னேன். எழுதியதும் "அப்போ நான் திருத்த வேண்டியது என் பேக்கேஜையே இல்லியா?" என்றாள். திரையில் இருந்த நாற்பது வரிகளில் தெரியாதது, கையால் எழுதிய ஆறு வரிகளில் தெரிந்தது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பேக்கேஜ்களின் தேவைகளையும் முரண்களையும் ஒருசேரத் தீர்க்கும் கணக்கு என்பி-முழுமை வகையைச் சேர்ந்தது, அதாவது எல்லா நேரமும் வேகமாகத் தீர்க்கும் வழி எதுவும் தெரியாத வகை. ஐரோப்பாவின் இடோஸ் ஆய்வுத் திட்டத்தினர் 2000-களின் நடுவில் இதை நிறுவிக் காட்டினார்கள். ஓபன்சூசே 2008-இல் 11.0 பதிப்பிலேயே தர்க்க நிபந்தனைகளை ஒருசேரத் தீர்க்கும் சாட் சால்வர் நுட்பத்துக்கு மாறியது. ஆகவே கருவி சில நேரம் தடுமாறுவது இயல்பு. தீர்வு இருந்தும் ஆப்ட் கண்டுபிடிக்காமல் போகலாம். டோஸ் 'இது ஆகாது' என்று சொன்னால் ஆகாது.

நான்காம் படி: எந்த வகை முரண் என்று பிரியுங்கள்

ஒரே பாதைக்குப் போட்டியிடும் டெவ் பேக்கேஜ்களைப் பார்த்துவிட்டோம். அடுத்தது பதிப்பு முரண்: ஒன்று '>= 1.1' கேட்கும், இன்னொன்று '<< 1.1' கேட்கும். 2017-இல் வந்த டெபியன் 9-இல் ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2, 1.1 இரண்டுமே இருந்தன. 1.1-இல் உள் ஸ்ட்ரக்ட்களை (தரவு அமைப்புகளை) வெளியிலிருந்து தொட முடியாதபடி மூடிவிட்டதால், அவற்றை நேரடியாகத் தொட்டிருந்த நிரல்கள் கம்பைல் ஆகவில்லை. அவற்றுக்காக லிப்எஸ்எஸ்எல்1.0-டெவ் என்று தனிப் பேக்கேஜ் வைத்தார்கள்; அது லிப்எஸ்எஸ்எல்-டெவ்வோடு முட்டும். பழையதைக் கேட்கும் ஒரு நூலகமும் புதியதைக் கேட்கும் ஒரு நூலகமும் உங்கள் பட்டியலில் இருந்துவிட்டால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். நிரலைப் புதிய ஏபிஐக்கு (நூலகத்தை அழைக்கும் முறைக்கு) மாற்றி எழுதுவதுதான் இதற்கு நிலையான வழி.

மூன்றாவது, தற்காலிகமானது. டெபியனின் வளர்ச்சிக் கிளையான அன்ஸ்டேபிளில் ஒரு பெரிய மாற்றம் நடக்கும்போது பாதிப் பேக்கேஜ்கள் புதியதிலும் பாதி பழையதிலும் நிற்கும். 2024-இன் தொடக்க மாதங்களில் 64-பிட் டைம்-டி மாற்றம் நடந்தது. 32-பிட் நேர எண் 2038 ஜனவரி 19-ஆம் தேதி நிரம்பி வழியும் என்பதற்காகச் செய்தது. நூற்றுக்கணக்கான நூலகங்களின் பெயர்களில் 'டி64' ஒட்டிக்கொண்டது. லிப்கர்ல்4 லிப்கர்ல்4டி64 ஆனது. அந்த வாரங்களில் பில்ட் நின்ற பேக்கேஜ்களில் பெரும்பாலானவற்றில் தவறே இல்லை. இந்த வகைக்கு மருந்து காத்திருப்பது. கன்ட்ரோல் ஃபைலைத் திருத்தினால், மாற்றம் முடிந்த பிறகு அந்தத் திருத்தத்தையும் திருத்த வேண்டியிருக்கும்.

மல்டி-ஆர்க் (ஒரே கணினியில் வெவ்வேறு பிராசசர் வகைகளுக்கான பேக்கேஜ்களை வைப்பது) வகை சுருக்கமானது. 'மல்டி-ஆர்க்: சேம்' என்று குறித்த பேக்கேஜின் இரண்டு ஆர்க்கிடெக்சர் வடிவங்களும் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும். ஒன்று முந்தினால் நிறுவாது. கிராஸ் பில்ட் (வேறு வகை பிராசசருக்காகக் கட்டுவது) செய்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

கடைசியாக, ஓசையில்லாத முரண். எதுவும் முட்டாது, பிழை வராது. ஆனால் கணினியில் தற்செயலாக இருந்த ஒரு நூலகத்தைக் கட்டும் முன் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். இதற்காகத்தான் 'பில்ட்-கான்ஃப்ளிக்ட்ஸ்' என்ற புலம் இருக்கிறது: இது இருந்தால் என்னைக் கட்டாதே என்று சொல்வது. பழைய பேக்கேஜ்களில் ஆட்டோகான்ஃப்2.13-ஐ இப்படித் தள்ளிவைத்திருப்பதைப் பார்க்கலாம். என் அனுபவத்தில் இது கடைசி வழி. வேண்டாத அம்சத்தை 'வித்தவுட்' விருப்பம் கொடுத்து, கட்டும் கட்டளைகள் இருக்கும் ரூல்ஸ் ஃபைலிலேயே அணைத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் அந்த நூலகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விளைவுதான் வரும்.

ஐந்தாம் படி: மருந்து

வரிசை முக்கியம். எளிதானதிலிருந்து ஆரம்பியுங்கள்.

அந்த டிபெண்டன்சி உண்மையிலேயே வேண்டுமா? பில்ட்-டிபெண்ட்ஸ் பட்டியலில் சேர்ப்பவர் உண்டு, நீக்குபவர் அரிது. நிரலின் கட்டும் விதிகள் இருக்கும் கோப்பு, அதாவது மீசான் டாட் பில்ட், சிமேக்லிஸ்ட்ஸ், கான்ஃபிகர் டாட் ஏசி எது இருக்கிறதோ அதைத் திறந்து, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் இன்னும் தேடப்படுகிறதா என்று பாருங்கள்.

டெஸ்டுக்கு மட்டும், ஆவணத்துக்கு மட்டும் வேண்டியவற்றைப் பிரியுங்கள். இப்படி:

பில்ட்-டிபெண்ட்ஸ்: டெப்ஹெல்ப்பர்-கம்பேட் (= 13), மீசான், லிப்ஜிடெஸ்ட்-டெவ் <!நோசெக்>, டாக்ஸிஜன் <!நோடாக்>

இப்போது நோசெக் புரொஃபைலில் (டெஸ்டைத் தவிர்த்துக் கட்டும் முறையில்) கட்டினால், டெஸ்டுக்கான நூலகமான ஜிடெஸ்ட் கேட்காது. டெஸ்டையும் ஓடவிடாமல் இருக்க டெப்-பில்ட்-ஆப்ஷன்ஸ் மாறியிலும் நோசெக் வேண்டும். புரொஃபைலை மட்டும் போட்டு அதை விட்டுவிட்டால், டெஸ்ட் ஓடப் பார்த்து நூலகம் இல்லாமல் விழும். முட்டுவது டெஸ்டுக்கான டிபெண்டன்சி என்றால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: அந்த டெஸ்டை, கட்டி முடித்த பேக்கேஜை நிறுவிச் சோதிக்கும் ஆட்டோபிகேஜிடெஸ்டுக்கு நகர்த்துங்கள். டெபியன்/டெஸ்ட்ஸ்/கன்ட்ரோல் கோப்பில் ஒவ்வொரு டெஸ்டுக்கும் அதற்கான டிபெண்ட்ஸ் வரி தனி. ஒன்றோடொன்று ஆகாத இரண்டு டெவ் பேக்கேஜ்களை இரண்டு டெஸ்டுகளில் தனித்தனியாகச் சோதிக்கலாம். இதை நம்மவர்கள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம்.

ஆர்க்கிடெக்சர் சாராத பேக்கேஜுக்கு மட்டும் வேண்டியவற்றை எழுதும் பில்ட்-டிபெண்ட்ஸ்-இன்டெப் புலத்துக்கு நகர்த்துவதும் வழிதான், ஆனால் அரைவழி. ஆர்க்கிடெக்சர் சாராத பேக்கேஜைத் தனியாகக் கட்டும் பில்ட் சர்வர்களில் முரண் மறையும். இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் கட்டுபவருக்கு அப்படியே இருக்கும்.

மாற்றுத் தேர்வு கொடுக்க நேர்க்கோடு போடலாம்: 'லிப்கர்ல்4-க்னூடிஎல்எஸ்-டெவ் | லிப்கர்ல்-டெவ்' என்று. ஆனால் டெபியனின் பில்ட் சர்வர்கள் வழக்கமாக முதல் பெயரை மட்டுமே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது பெயர் உங்கள் கணினியில் மட்டும் காப்பாற்றும். அங்கே பேக்கேஜ் தோற்றுக்கொண்டே இருக்கும். முதலில் எழுதுவது மெய்யான பேக்கேஜாக, நீங்கள் விரும்புவதாக இருக்கட்டும்.

சரி, அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அங்கே இவை எதுவும் உதவாது. கோளாறு இரண்டு நூலகங்களின் டெவ் பேக்கேஜ்களில். ஒரு டெவ் பேக்கேஜ் இன்னொரு டெவ் பேக்கேஜைக் கேட்க வேண்டிய அவசியம் எப்போது வரும்? அதன் பொது ஹெடர் மற்றதன் ஹெடரை உள்ளே இழுக்கும்போது. அல்லது நிலையான நூலகமாக (நூலகத்தின் கோடை நிரலுக்குள்ளேயே சேர்த்து) இணைப்பவருக்காக. இதை மனதில் வைத்து இரண்டு நூலகங்களின் ஹெடர்களையும் திறந்தோம்.

சென்சார் நூலகத்தின் ஹெடரில் கர்ல் ஹேண்டிலை (கர்ல் தன் இணைப்பைக் குறிக்கத் தரும் பொருளை) வாங்கும் ஒரு ஃபங்ஷன் இருந்தது. ஆக அதன் தேவை நியாயமானது. லாக் நூலகத்தின் ஹெடரில் ஏழாவது வரியில் 'இன்க்ளூட் கர்ல் டாட் ஹெச்' இருந்தது. அதற்குக் கீழே முந்நூறு வரிகள். கர்லின் ஒரு டைப்கூட எங்கும் இல்லை. யாரோ அவசரத்தில் சி கோப்பில் போட வேண்டிய வரியை ஹெடரில் போட்டிருக்கிறார்கள். அதை நம்பி பேக்கேஜ் கட்டியவர் டிபெண்ட்ஸில் சேர்த்திருக்கிறார். அந்த ஒரு வரியைச் சி கோப்புக்கு நகர்த்தினோம். டெவ் பேக்கேஜின் டிபெண்ட்ஸிலிருந்து க்னூடிஎல்எஸ்-டெவ்வை எடுத்தோம்.

எடுத்ததும் பில்ட் இன்னொரு இடத்தில் நின்றது. டாட் பிசி கோப்பில் 'ரிக்வயர்ஸ் டாட் பிரைவேட்: லிப்கர்ல்' என்று இருந்தது. பெயர் பிரைவேட் என்றாலும், வெறும் சிஃபிளாக்ஸ் (கம்பைலருக்கான விருப்பங்கள்) கேட்டால்கூடப் பேக்கேஜ்-கான்ஃபிக் அந்த இன்னொரு டாட் பிசியைத் தேடும். அந்த வரியையும் எடுத்தோம். லாக் நூலகத்தை நிலையாக இணைப்பவர் எங்கள் அலுவலகத்தில் யாரும் இல்லை என்று கேட்டு உறுதிசெய்த பிறகுதான் எடுத்தோம்; இருந்திருந்தால் வேறு வழி பார்த்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு கேள்வி வரும், அவளும் கேட்டாள்: ஓடும்போது ஒரே புராசஸுக்குள் கர்லின் இரண்டு வடிவங்களும் வந்துவிடுமே, ஃபங்ஷன் பெயர்கள் ஒன்றுதானே? வரும். டெபியன் இந்த இரண்டு வடிவங்களுக்கும் சிம்பல் வெர்ஷன் பெயர்களை (ஃபங்ஷன் பெயரோடு ஒட்டும் அடையாளங்களை) வேறு வேறாக வைத்திருப்பதால், ஒவ்வொரு நூலகமும் தான் இணைக்கப்பட்ட வடிவத்தையே அழைக்கும். ஒரு வடிவத்தில் உண்டாக்கிய ஹேண்டிலை இன்னொன்றுக்குக் கொடுத்தால்தான் விபரீதம். லாக் நூலகத்தின் ஹெடரில் கர்ல் டைப் எதுவும் வெளியே தெரியாததால் அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஹெடரைப் படிக்காமல் டிபெண்ட்ஸை மட்டும் நீக்கியிருந்தால் இந்த உறுதி எங்களுக்குக் கிடைத்திருக்காது.

நீங்களே ஒரு நூலகத்தை எழுதுபவர் என்றால், திரையில் ஜன்னல், பொத்தான் வரையும் நூலகமான ஜிடிகே செய்ததைப் பாருங்கள். ஜிடிகே 2, 3, 4 மூன்றின் டெவ் பேக்கேஜ்களும் ஒரே கணினியில் அமைதியாக இருக்கின்றன. ஹெடர் அடைவு, டாட் பிசி பெயர், டாட் எஸ்ஓ பெயர் எல்லாவற்றிலும் பதிப்பு எண்ணைச் சேர்த்துவிட்டார்கள். பொருந்தாத புதிய பதிப்பு வெளியிடும் நாளில் இதைச் செய்வது அரைநாள் வேலை. செய்யாமல் விட்டால் அந்தச் சுமை பேக்கேஜ் கட்டும் ஒவ்வொருவர் தலையிலும் விழும்.

செய்யவே கூடாதது

ஆப்டுக்கு அடியில் நிறுவும் கருவியான டிபிகேஜி-யின் '--ஃபோர்ஸ்-ஓவர்ரைட்', '--ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ்', தேவைகளைச் சரிபார்க்காமலே கட்டவைக்கும் டிபிகேஜி-பில்ட்பேக்கேஜின் '-டி'.

முன்பு நான் இருந்த ஓர் இடத்தில், ரிலீஸ் அவசரத்தில் பில்ட் சர்வரில் நானே க்னூடிஎல்எஸ்-டெவ்வை ஃபோர்ஸ் போட்டு ஏற்றினேன். அதே சர்வரில் கட்டிய இன்னொரு நிரல் ஓபன்எஸ்எஸ்எல் வடிவத்தை நம்பியது. எஸ்எஸ்எல் சிடிஎக்ஸ் ஃபங்ஷன் என்ற கர்ல் விருப்பத்தின் வழியே சர்வர் சான்றிதழைக் கூடுதலாகச் சோதித்தது. அந்த விருப்பம் க்னூடிஎல்எஸ்ஸில் வேலை செய்யாது. ஹெடரில் பெயர் இருப்பதால் கம்பைல் ஆனது. இணைப்பு க்னூடிஎல்எஸ் கர்லோடு நடந்தது. ஓடும்போது கர்ல் பிழை எண்ணைத் திருப்பித் தந்தது. எங்கள் நிரல் அதைப் பார்க்கவில்லை. டெஸ்ட் எல்லாம் பச்சை. கூடுதல் சோதனை இரண்டு வாரம் ஓடவே இல்லை என்பது, வேறொரு கோளாறைத் தேடும்போதுதான் தெரிந்தது. கட்டி முடித்த டெப் கோப்பின் டிபெண்ட்ஸ் வரியை அன்று படித்திருந்தால் போதும். அதில் லிப்கர்ல்3-க்னூடிஎல்எஸ் என்று எழுதியிருந்தது.

பைத்தான், ஃபெடோரா பக்கம்

இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோராவில் பெயர்கள்தான் வேறு: பில்ட்ரிக்வயர்ஸ், பில்ட்கான்ஃப்ளிக்ட்ஸ். காலி அறைக்கு மாக் என்ற கருவி. முறை இதேதான்.

பைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. பைபுராஜெக்ட் டாட் டாமெல் கோப்பின் பில்ட்-சிஸ்டம் பகுதியில் 'ரிக்வயர்ஸ்' எழுதினால், பைத்தானின் நிறுவும் கருவியான பிப் ஒரு தனிச் சூழலை உண்டாக்கி அவற்றை அங்கே நிறுவிக் கட்டும். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் அறை தனி என்பதால் முட்டாது. ஆனால் அந்த அறைக்குள் என்ன பதிப்பு வருகிறது என்பது உங்கள் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்புக்குக் கட்டுப்படாது. 2023 ஜூலையில் சைத்தான் (பைத்தான் போன்ற கோடிலிருந்து சி கோடை உண்டாக்கும் கருவி) 3.0 வந்ததும், பையேமெல் என்ற பைத்தான் நூலகத்தின் 5.4, 6.0 பதிப்புகளைச் சோர்ஸிலிருந்து கட்டியவர்களுக்கெல்லாம் பில்ட் உடைந்தது. அவர்கள் எதையும் மாற்றவில்லை. பில்ட் அறைக்குள் புதிய சைத்தான் தானாக வந்து இறங்கியது. சைத்தான் பதிப்பு 3-க்குக் கீழேயே இருக்க வேண்டும் என்று எழுதிய பையேமெல் 6.0.1 வெளிவந்தது. அதுவரை பலர் பிப்-கன்ஸ்ட்ரெய்ன்ட் சூழல் மாறியில் ஒரு கோப்பைக் காட்டிச் சமாளித்தார்கள். உங்கள் பேக்கேஜின் பில்ட் ரிக்வயர்ஸில் பெயரை மட்டும் எழுதாமல் மேல்வரம்பு வேண்டுமா என்று யோசியுங்கள். சைத்தான் போலக் கோடை உண்டாக்கும் கருவிகளுக்கு வேண்டும் என்பதே என் கருத்து.

ஆறாம் படி: கட்டியதைச் சரிபாருங்கள்

பில்ட் முடிந்ததும் 'டிபிகேஜி-டெப் -ஐ' போட்டு டிபெண்ட்ஸ் வரியைக் கண்ணால் படியுங்கள். பைனரி மேல் 'ஆப்ஜ்டம்ப் -பி' ஓட்டி 'நீடெட்' வரிகளைப் பாருங்கள். எந்த நூலகத்தோடு இணைந்தது என்று அங்கே மறைக்க முடியாது. பழைய டெப்புக்கும் புதியதுக்கும், வித்தியாசம் காட்டும் டெப்டிஃப் ஓட்டுங்கள். கூடவே வரும் பில்ட்இன்ஃபோ கோப்பில், கட்டுவதற்காக நிறுவிய பில்ட் டிபெண்டன்சிகளும் அவை இழுத்து வந்த பேக்கேஜ்களும் பதிப்போடு எழுதியிருக்கும். போன ரிலீஸின் பில்ட்இன்ஃபோவை எடுத்து டிஃப் போட்டால், எது புதிதாக உள்ளே வந்தது என்று ஒரு நிமிடத்தில் தெரியும்.

அன்று அவளுடைய பில்ட் மதியம் இரண்டரை மணிக்குத் தேறியது. அவளுடைய சொந்தப் பேக்கேஜில் ஒரு எழுத்தும் மாறவில்லை. சாப்பிட்டுவிட்டு லாக் நூலகக் குழுவுக்குத் திருத்தத்தை அனுப்ப உட்கார்ந்தாள். சேஞ்ச்லாகில் 'பில்ட் பிரச்சினை சரிசெய்யப்பட்டது' என்று எழுதியிருந்ததை அழிக்கச் சொன்னேன். எந்த ஹெடர், எந்த வரி, ஏன் தேவையில்லை, டாட் பிசியில் என்ன எடுத்தோம், நிலையான இணைப்பு யாருக்கும் இல்லை என்று யாரிடம் கேட்டு உறுதி செய்தோம் என்பதையெல்லாம் ஐந்து வரிகளில் எழுதி அனுப்பினாள். திங்கட்கிழமை அந்தக் குழுவிலிருந்து பதில் வந்தது: திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார்கள், அதே தவறு இன்னும் இரண்டு ஹெடர்களில் இருந்ததையும் தேடி எடுத்திருந்தார்கள்.